பயண மோட்டார் சைக்கிளுக்கு அலுமினியப் பெட்டி: ஒரு விமரிசனம்

கோடை வந்துவிட்டால் நம் நாட்டு இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் இமயமலைப் பக்கம் கிளம்பி விடுகிறார்கள். மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச் சாலையில், சென்னைப் பகுதி ஆலைகளில் உருவான புல்லட்டுகளும், 2016இல் வெளிவந்த ஹிமாலயன் வண்டிகளும் வரிசையாகப் போவதைக் காணலாம். அவற்றில் பலவற்றின் பின்சக்கரத்துக்கு இருபுறமும் வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பெட்டிகள் தொங்கும். கடையில் விற்கும் பெட்டிகளின் விலை அதிகம். ஆகவே தகடு வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் மடக்கி, தாமே பெட்டி செய்து கொள்வோரும் பலர் உள்ளனர். கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. இயற்பியலைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டுப் போகும் மாணவரைவிட, ஒரு தகட்டை ஒழுங்காக மடக்கத் தெரிந்த மாணவர் எனக்கு உயர்ந்தவராகவே படுகிறார்.

ஆனால் ஆர்வத்தைப் பாராட்டுவது வேறு, செய்த பொருளை மதிப்பிடுவது வேறு. சங்கீதக் கச்சேரிக்கும் சினிமாவுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். பட்டறையில் செய்த பெட்டிக்கு ஏன் எழுதக் கூடாது? கச்சேரியில் சுருதி பிசகினால் காதுதான் நோகும். இங்கே பிசகினால் எலும்பு முறியும்.

இத்தகைய பெட்டிகளையும், கைக்குக் கை மாறும் அவற்றின் வரைபடங்களையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். நீளம், அகலம், உயரம் மில்லிமீட்டர் சுத்தமாகக் குறிக்கப்பட்டிருக்கும். எத்தனை லிட்டர் கொள்ளும் என்ற கணக்கு இருக்கும். பூட்டு எங்கே, கீல் எங்கே, ரப்பர் பட்டை எங்கே என்பதெல்லாம் தெளிவாக இருக்கும். கடைசியில், ‘வண்டியின் கேரியரில் உறுதியாகப் பொருத்திக் கொள்ளவும்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்! வடிவமைப்பில் மிகக் கடினமான பகுதி எதுவோ, அதை அந்த ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். பெட்டியை ஒரு பாத்திரமாக நினைப்பதால் வரும் வினை இது. சாமான் கொள்ளும் பாத்திரம் வீட்டு மூலையில் சும்மா இருக்கும். இந்தப் பெட்டியோ வண்டியோடு ஓடுகிறது, சாய்கிறது, குதிக்கிறது, விழுகிறது. அது வண்டியின் ஓர் உறுப்பு. சக்கரத்தை வடிவமைப்பதுபோல் அதையும் வடிவமைக்க வேண்டும்.

இந்தப் பெட்டி நாகரிகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1980இல் ஆர்80 ஜி/எஸ் என்ற வண்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 1981இல், பாரிஸ்-டாக்கார் பாலைவனப் பந்தயத்தில் யூபெர் ஓரியோல் அவ்வகை வண்டியில் வெற்றி பெற்றார். அதன்பின் பாலைவனம், மலை, நெடும்பயணம் என்றால் இவ்வகை வண்டிதான் என்ற எண்ணம் பரவியது. 1990இல் தொடங்கப்பட்ட டூராடெக் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் அலுமினியப் பெட்டிகளைப் பெருவாரியாகச் செய்து விற்றன. 2004இல் ஈவன் மெக்கிரெகர், சார்லி பூர்மன் என்னும் இரு நடிகர்கள் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிழக்கு வழியாகச் சென்ற பயணம் தொலைக்காட்சித் தொடராக வந்தது. வண்டியின் இருபுறமும் அலுமினியப் பெட்டி இருந்தால்தான் பயணி என்ற தோற்றம் உலகெங்கும் நிலைபெற்றது.

இதில் இரண்டு செய்திகளை நம் இளைஞர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஒன்று, பாலைவனப் பந்தயத்தில் வென்ற வண்டிகளில் இத்தகைய பக்கப் பெட்டிகளே இல்லை. பெட்ரோல் தொட்டி பெரியதாக இருந்தது. பாரம் முடிந்தவரை குறைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, 2004ஆம் ஆண்டுப் பயணத்தில், பாரம் ஏற்றிய வண்டிகளில் ஒன்றின் சட்டம் மங்கோலியாவில் முறிந்தது. ஒளிப்பதிவாளர் அந்த வண்டியை விட்டுவிட்டு, அங்கே கிடைத்த ருஷ்ய வண்டி ஒன்றை வாங்கிப் பயணத்தைத் தொடர்ந்தார். படத்தில் பெட்டியின் மினுமினுப்பைப் பார்த்தவர்கள் முறிந்த சட்டத்தை மறந்துவிட்டார்கள்.

தகட்டின் கனம்

வீட்டில் செய்யும் பெட்டிகளில் நான் காணும் முதல் குறை தேவைக்கு மேற்பட்ட கனம். ‘3 மில்லிமீட்டர் தகடு, யானை மிதித்தாலும் நசுங்காது’ என்று சொல்லிக் கொள்வதில் ஒரு பெருமை. பஸ் தளத்துக்குப் போடும் செக்கர் தகட்டில் செய்தவர்களும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 செ.மீ. நீளம், 38 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலமுள்ள பெட்டி ஏறக்குறைய 42 லிட்டர் கொள்ளும். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு சுமார் 0.76 சதுர மீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,700 கிலோ. ஆகவே 1.5 மி.மீ. தகட்டில் செய்தால் வெறும் பெட்டி 3 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 3 மி.மீ. தகட்டில் செய்தால் 6 கிலோவுக்கு மேல். இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 6 கிலோ வீண் சுமை. மாற்று உடையும் மழைக்கோட்டும் கம்பளியும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது.

கனத்தைக் கூட்டினால் விறைப்பு கூடும் என்பது உண்மைதான். தகடு வளையாமல் எதிர்க்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கனம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. இரும்பின் யங் குணகம் அலுமினியத்தினுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தும், 1.5 மி.மீ. அலுமினியத் தகடு 1 மி.மீ. இரும்புத் தகட்டைவிடச் சற்று விறைப்பாகவே இருப்பது இந்த மும்மடி விதியால்தான். எடையோ பாதிதான். அலுமினியத்தின் உண்மையான சிறப்பு இதுவே. அதே அலுமினியத்தை 3 மி.மீ. ஆக்கினால் 1 மி.மீ. இரும்புப் பெட்டியின் எடையைத் தாண்டிவிடுகிறது. பிறகு அலுமினியம் எதற்கு? தகர டிரங்குப் பெட்டியையே கட்டிக்கொண்டு போகலாமே!

விறைப்பை எடையில்லாமலே பெறுவதற்கு வழி இருக்கிறது. அது நம் வீட்டிலேயே இருக்கிறது. அந்த டிரங்குப் பெட்டியை உற்றுப் பாருங்கள். மெல்லிய தகரம்தான். ஆனால் அதன் பக்கங்களில் வரிவரியாகப் புடைப்பு இருக்கும். அலுமினியக் குண்டானின் வாய் விளிம்பைப் பாருங்கள். வெளிப்புறமாகச் சுருட்டி விட்டிருப்பார்கள். அந்தச் சுருள் இல்லாவிட்டால் குண்டானை இரு கையால் தூக்கும்போதே வாய் நெளிந்துவிடும். தகட்டின் பொருள் நடுத்தளத்திலிருந்து விலகி நிற்க நிற்க, வளைவை எதிர்க்கும் ஆற்றல் வெகுவாகக் கூடுகிறது. பாத்திரம் செய்வோர் இதைச் சமன்பாடு எழுதாமலே தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள். பெட்டியின் பெரிய முகத்தில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு, வாயைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விளிம்பு, இவை போதும். 1.5 மி.மீ. தகடே தாராளம்.

எந்த அலுமினியம் என்பதும் முக்கியம். பாத்திரத்துக்குரிய தூய அலுமினியம் மெதுவானது, எளிதில் நசுங்கும். ‘விமான அலுமினியம்’ என்று சிலர் தேடிப் பிடித்து 6061-டி6 தகட்டை வாங்கி வருகிறார்கள். அது வலிமை மிக்கதுதான். ஆனால் கூர்மையாக மடக்கினால் மடிப்பில் வெடிக்கும். ஆர்கான் வெல்டிங்கில் பற்றவைத்தால், வெப்பம் பட்ட பகுதியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வெப்பப் பதப்படுத்தலால் வந்த வலிமை வெப்பத்தாலேயே போய்விடுகிறது. மடக்கிச் செய்யும் பெட்டிக்கு மக்னீசியம் கலந்த 5052 வகை எவ்வளவோ மேல். விலை உயர்ந்த பொருளைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதைத் திறமை என்று சொல்ல முடியாது.

எங்கே தொங்குகிறது?

என் முக்கிய விமரிசனத்துக்கு இப்போது வருகிறேன். ‘எத்தனை கிலோ?’ என்று கேட்கிறார்கள். ‘எத்தனை கிலோ, எங்கே?’ என்று கேட்க வேண்டும்.

வண்டி நேராகச் செல்லும்போது அதன் ஈர்ப்பு மையத்தின் வழியே செங்குத்தாக ஓர் அச்சு இருப்பதாகக் கொள்வோம். வண்டியின் பின்புறம் இடமும் வலமுமாக ஆடுவது இந்த அச்சைச் சுற்றிய இயக்கம். இதற்குரிய நிலைமத் திருப்புத்திறன் நிறையையும், தூரத்தின் இருமடியையும் பொறுத்தது. பெட்டியும் சாமானுமாகப் பக்கத்துக்கு 10 கிலோ என்று வைத்துக் கொள்வோம். பெட்டியின் சொந்த அளவால் வரும் சிறு பகுதியை விட்டுவிடலாம். பெட்டிகளின் மையம் ஈர்ப்பு மையத்திலிருந்து 60 செ.மீ. பின்னாலும், நடுக்கோட்டிலிருந்து 32 செ.மீ. பக்கவாட்டிலும் இருந்தால், இரண்டும் சேர்ந்து தரும் திருப்புத்திறன் சுமார் 9¼ கிலோகிராம்-சதுர மீட்டர். அதே பெட்டிகளைக் ‘கால் இடிக்கிறது’ என்று பின்னே தள்ளி 90 செ.மீ. தூரத்திலும், ‘சைலன்சர் இடிக்கிறது’ என்று வெளியே தள்ளி 42 செ.மீ. தூரத்திலும் மாட்டினால் 19¾ ஆகிவிடுகிறது. ஒரு கிராம் எடை கூடவில்லை. திருப்புத்திறன் இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது!

இருக்கைக்குப் பின்னால் மேலே வைக்கும் மூன்றாவது பெட்டியின் கதை இன்னும் மோசம். அது ஈர்ப்பு மையத்துக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கும். அதில் 10 கிலோ வைத்தால் திருப்புத்திறன் 10. அதாவது நல்ல இடத்தில் மாட்டிய இரண்டு பக்கப் பெட்டிகளும் சேர்ந்து 20 கிலோவால் தருவதைவிட அதிகம். அதிலே தண்ணீர்ப் புட்டியையும் கருவிகளையும் போட்டு, பக்கப் பெட்டியில் போர்வையை வைத்துக்கொண்டு போகிறவர்களை நாம் பார்க்கிறோம்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஓர் இயல்பான நெளிவு உண்டு. வேகமாகப் போகும்போது ஒரு சிறு தட்டுத் தட்டினால், வண்டி முழுவதும் பாம்புபோல் விநாடிக்கு 2 முதல் 4 முறை நெளிந்து, பிறகு அடங்கும். அடங்குவதற்குக் காரணம் டயர்களும் வண்டியின் அமைப்பும் தரும் தணிப்பு. பின்புறம் நிறை கூடக்கூட இந்தத் தணிப்பு குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நெளிவு அடங்குவதற்குப் பதிலாக வளரும். காலி வண்டியில் அந்த வேகம் ஓட்டுபவர் என்றும் எட்டாத உயரத்தில் இருக்கும். பின்னால் பாரம் ஏற்றிய வண்டியில் அது அன்றாட நெடுஞ்சாலை வேகத்துக்கே இறங்கி வரக்கூடும். இறுக்கமில்லாமல் மாட்டிய பெட்டி தானும் ஆடத் தொடங்கினால் நிலைமை மேலும் சிக்கலாகும். லாரியைக் கடந்து செல்லும்போது காற்று ஒரு தட்டுத் தட்டுமே, அந்தத் தட்டே போதும்.

நெம்புகோல் விதியும் இங்கே வேலை செய்கிறது. பின்னச்சுக்கு 25 செ.மீ. பின்னால் 20 கிலோ தொங்கினால், இரு அச்சுகளுக்கும் இடையே 140 செ.மீ. உள்ள வண்டியில், முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் சுமார் 3½ கிலோ குறைகிறது. சமதளத்தில் இது பெரிதல்ல. செங்குத்தான மண் ஏற்றத்தில், பாரம் ஏற்கனவே பின்னால் சாய்ந்திருக்கும்போது, திருப்பினால் திரும்பாத முன்சக்கரம் எப்படி இருக்கும் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

ஆகவே வடிவமைப்பைப் பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். சைலன்சர் உள்ள பக்கத்தில் பெட்டியின் உள்முகத்தை வெட்டிக் குழி விட்டால், வெளியே தள்ள வேண்டியதில்லை. அந்தப் பெட்டி 42 லிட்டருக்குப் பதில் 33 லிட்டர்தான் கொள்ளும். கொள்ளட்டுமே! மொத்த அகலம் ஹேண்டில்பாரின் அகலத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது நல்ல விதி. அது பெரும்பாலும் 80, 85 செ.மீ. அளவில் இருக்கும். ஹேண்டில்பார் நுழைந்த சந்தில் பெட்டியும் நுழையும் என்று ஓட்டுபவர் நம்பலாம். நான் பார்த்த பெட்டிகள் சில 110 செ.மீ. வரை அகன்றிருந்தன.

பிடிப்பு

பெட்டியின் நிறை மையம் கேரியர் சட்டத்திலிருந்து 15 செ.மீ. வெளியே இருப்பதாகக் கொள்வோம். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் மூன்று மடங்கு முடுக்கம் ஏற்பட்டால், 10 கிலோ பெட்டி 30 கிலோ எடைபோல் கீழே இழுக்கும். மேல் கொக்கிகளுக்கும் கீழ்த் தாங்கிக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால், மேல் கொக்கிகளை வெளிப்புறமாக இழுக்கும் விசை 15 கிலோ எடைக்குச் சமம். இதைக் கேட்டால், ‘இவ்வளவுதானா? ஒரு 6 மி.மீ. போல்ட்டே இதைத் தாங்குமே’ என்று தோன்றும். உண்மைதான், தாங்கும். ஒரு முறை தாங்கும், ஆயிரம் முறையும் தாங்கும்.

விநாடிக்கு இரண்டு அதிர்வு என்று வைத்தாலும், ஒரு நாளில் 6 மணி நேரம் ஓட்டினால் 43,200 அதிர்வுகள். பத்து நாளில் 4 லட்சத்துக்கு மேல். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. இரும்பில் ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் முறியாத எல்லை ஒன்று இருக்கிறது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட தெளிவான எல்லை கிடையாது. சிறிய தகைவானாலும், போதிய தடவை திரும்பத் திரும்ப வந்தால் ஒரு நாள் வெடிப்பு விடும். 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு வானில் சிதைந்து மத்தியதரைக் கடலில் விழுந்ததற்கு இந்தக் களைப்பே காரணம் என்று கண்டறிந்தார்கள். விமானத்தின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்பின் மூலைப்பகுதியில் வெடிப்பு தொடங்கியது தெரிந்தது. தகைவு மூலையில் குவிகிறது. நம் பெட்டியில் போல்ட்டுக்காகத் துளைக்கும் ஓட்டையும், கூர்மையாக வெட்டிய உள்மூலையும் அதே வேலையைச் செய்கின்றன.

எனவே போல்ட்டின் தடிமனைக் கூட்டுவது மருந்தல்ல. தகட்டின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு அலுமினியப் பட்டை ஒன்றை வைத்து விசையைப் பரப்ப வேண்டும். ஓட்டையின் விளிம்பை அரம் கொண்டு மழுக்க வேண்டும். கொக்கிக்கும் சட்டத்துக்கும் இடையே ஆட்டம் இருக்கவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பெட்டி அந்த இடைவெளியில் சுத்தியல்போல் அடித்துக் கொண்டே வரும். ரப்பர் புஷ் வைத்து இறுக்கினால் இந்த அடி தணியும். இடப்பக்கச் சட்டத்தையும் வலப்பக்கச் சட்டத்தையும் பின்புறம் ஒரு குறுக்குக் குழாயால் இணைப்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. அது இல்லாத கேரியர்கள் நாளடைவில் உள்நோக்கிச் சாய்ந்து சக்கரத்தைத் தொடும் நிலைக்கு வந்துவிடுகின்றன. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை அலுமினியத்தில் நேரடியாக முடுக்கினால், மழைநீர் பட்டவுடன் அது சிறு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்படும். ஒரு நைலான் வாஷர் இதைத் தடுக்கும்.

மழை உள்ளே வருவது எப்படி?

‘நீர் புகாத பெட்டி’ என்று சொல்லி, சந்தெல்லாம் சிலிக்கான் பூசி, மூடியில் ரப்பர் பட்டை ஒட்டிய பெட்டிக்குள் துணி ஏன் நனைகிறது? இது பலரையும் குழப்பும் கேள்வி. வெயிலில் நின்ற பெட்டிக்குள் காற்று 60 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை அடைகிறது என்று கொள்வோம். திடீரென மழை பெய்து 20 டிகிரிக்கு இறங்கினால், தனி வெப்பநிலைக் கணக்கில் 333இலிருந்து 293. அழுத்தம் 12 விழுக்காடு குறைகிறது. 42 லிட்டர் பெட்டி ஏறக்குறைய 5 லிட்டர் காற்றை வெளியிலிருந்து உறிஞ்சப் பார்க்கும். அந்த நேரத்தில் மூடியின் விளிம்பில் நிற்பது காற்றல்ல, மழைநீர். பெட்டி தண்ணீரைத் தானே குடிக்கிறது!

மலை ஏறும்போது இதற்கு மாறாக நடக்கும். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. கார்துங் லா கணவாய் சுமார் 5,350 மீட்டர். இரு இடங்களின் காற்றழுத்த வேறுபாடு ஏறத்தாழ 27 கிலோபாஸ்கல். கொஞ்சமும் காற்றுப் போகாமல் மணாலியில் மூடிய பெட்டி இருக்குமானால், கணவாயில் அதன் மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 300 கிலோ எடைக்கு மேல் ஆகும். நல்ல வேளையாக எந்தப் பட்டறையிலும் அவ்வளவு இறுக்கமான பெட்டி செய்ய முடிவதில்லை. வழி எளிது: அடித்தகட்டின் சாமான் மறைக்காத மூலையில், சக்கரம் வாரியடிக்கும் சேறு படாத பக்கமாக, 3 மி.மீ. துளை ஒன்று. பெட்டி அதன் வழியே மூச்சு விட்டுக்கொள்ளும். மூடி விளிம்பை ஒரு சென்டிமீட்டர் கீழே மடக்கித் தொங்கவிட்டால், சிலிக்கான் பூச்சைவிட அது நன்றாக மழையைத் தடுக்கும். இன்னொன்று: வெற்று அலுமினியத்தில் துணி உரசினால் கறுப்பு மை போலப் பிடித்துக்கொள்ளும். உட்பக்கத்தில் துணிப்பை ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

காலும் பெட்டியும்

நான் அறிந்த மாணவர் ஒருவர் தாமே செய்த பெட்டிகளுடன் லடாக் சென்று வந்தார். ஓடை ஒன்றைக் கடக்கும்போது வண்டி தடுமாற, காலை ஊன்றினார். வண்டி நிற்கவில்லை, முன்னே நகர்ந்தது. ஊன்றிய கால் பின்னால் போய்ப் பெட்டியின் அடி விளிம்புக்கும் தரைக்கும் நடுவே சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுடன் ஊர் திரும்பியவரை நான் பார்க்கச் சென்றபோது, ‘பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, சார்!’ என்றார் பெருமையாக.

அவருடைய பெட்டி 3 மி.மீ. தகடு. அது வளையவில்லை, ஆகையால் எலும்பு வளைய வேண்டியதாயிற்று. மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது ஓட்டப் பயிற்சி செய்பவரின் வேகம். விநாடிக்கு 2.8 மீட்டர். ஊன்றிய குதிகாலுக்கும் பெட்டியின் முன்முகத்துக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால், அந்தத் தூரத்தைப் பெட்டி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். கண்டதை மூளை உணர்ந்து காலுக்குக் கட்டளை போய்ச் சேர, சாதாரண மனிதருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரமாவது வேண்டும். சாமர்த்தியத்தால் தப்பிக்க இயலாத கணக்கு இது.

பெட்டியை ஆதரிப்பவர்கள் ஒரு வாதம் சொல்வதுண்டு: வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் பெட்டி அதைத் தாங்கி நிறுத்துகிறது, கால் வண்டிக்கு அடியில் நசுங்காமல் தப்புகிறது. இது உண்மை, நிற்கும் வண்டி சாயும்போது. நகரும் வண்டியில், மணலிலும் சேற்றிலும் ஓடையிலும், இரு காலையும் துடுப்புப்போல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் ஆபத்து. அந்த இடங்களுக்குக் கெட்டித் துணியால் ஆன பக்கப்பைகளே ஏற்றவை. காலில் பட்டால் அவை மடங்கும். திருட்டுப் பயமும் தூசியும் அவற்றின் குறைகள். தார்ச்சாலையில் ஊர் ஊராகத் தங்கிச் செல்பவருக்குப் பூட்டுள்ள அலுமினியப் பெட்டி வசதியானது. இரண்டு பயணத்துக்கும் ஒரே வரைபடத்தைத் தருவதுதான் தவறு.

பெட்டிதான் வேண்டும் என்பவர், முன்பக்க அடி மூலையை நேர்கோணமாக விடாமல் 45 டிகிரிச் சாய்வில் வெட்டி அமைக்கட்டும். அந்த ஒரு சாய்வால் 2 லிட்டர் கொள்ளளவு போகும். குதிகாலுக்கு 10 செ.மீ. இடம் கிடைக்கும். அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. எல்லா வெளி விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்த்துக் கூர்மை இல்லாமல் மழுக்க வேண்டும். விசை மிகுந்தால் கழன்று விழும்படி மேல் கொக்கிகளில் ஒன்றைப் பிளாஸ்டிக் முளையால் பிணைக்கும் முறையும் உண்டு. பெட்டி தொலைந்தாலும் பரவாயில்லை என்று எண்ணுபவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

இத்தனை குறை சொன்ன நான், நன்றாகச் செய்த பெட்டி ஒன்றையும் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். செய்தவர் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்; பொறியியல் படிக்காதவர். 1.5 மி.மீ. தகட்டை அடி, இரு பக்கம் சேர்த்து ஒரே துண்டாக ‘ப’ வடிவில் மடக்கியிருந்தார். முன்னும் பின்னும் இரு தகடுகளை விளிம்பு மடித்து ரிவிட் அடித்திருந்தார். வெல்டிங்கே இல்லை. வாயைச் சுற்றிக் கம்பி வைத்துச் சுருட்டியிருந்தார், குண்டானுக்குச் செய்வதுபோல. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதை ஓட்டுபவரை உட்கார வைத்து, காலை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கோடு போட்டாராம். பெட்டி சிறியது, 28 லிட்டர்தான். வாங்கியவருக்கு அதில் சற்று மனக்குறை.

எந்தப் பெட்டியானாலும், பயணத்துக்கு முன் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். கொண்டுபோகப் போகும் எடைக்கு மணல் மூட்டை கட்டிப் பெட்டிகளில் வைத்து, ஊருக்கு வெளியே மோசமான சாலை ஒன்றில் 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மூட்டையின் கனமான பகுதி அடியிலும் முன்பக்கமாகவும் இருக்கட்டும். எண் பலகையும் பின்விளக்கும் மறையாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பெட்டிகளைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் துணியால் துடைத்துவிட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பாருங்கள். தலைமயிர்போல் மெல்லிய கோடு ஏதேனும் தெரிந்தால், அந்த இடத்தில் மேலே ஒரு பட்டை வைத்து ஒட்டுப் போடாமல், அந்த முகத்தையே புதிய தகட்டில் செய்து மாற்றிவிடுங்கள்.